பத்தாம் வகுப்பு அறிவியல்: எதை வைப்பது, எதை எடுப்பது?

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 23 அலகுகள். இயக்க விதிகளில் தொடங்குகிறது. ஒளி, வெப்பம், மின்சாரம், ஒலி, அணுக்கரு என்று இயற்பியல் போகும். அப்புறம் வேதியியலில் ஐந்து அலகு. அதன்பின் தாவர உள்ளமைப்பு, அட்டை, முயல், ரத்த ஓட்டம், நரம்பு, ஹார்மோன், இனப்பெருக்கம், மரபியல், பரிணாமம், உயிரித் தொழில்நுட்பம், நோய்கள், சுற்றுச்சூழல். கடைசி அலகில் ஸ்கிராட்ச் மென்பொருளில் படம் அசையவைப்பது. மத்திய அரசின் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 16 பாடங்கள் இருந்தன, 2023 திருத்தத்தில் அவை 13 ஆயின. அலகின் நீளம் இரண்டு நூலிலும் ஒன்றல்ல, எண்ணிக்கையை மட்டும் வைத்து எது கனம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் 23 என்பது 23தான்.

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்த ஆண்டுகளில் ஜூன் மாதமே எனக்குக் கணக்கு தெரிந்துவிடும். ஜனவரியில் திருப்புதல் தேர்வு தொடங்குவதற்குள் போர்ஷன் முடியவேண்டும். காலாண்டு, அரையாண்டு, மழை விடுமுறை எல்லாம் கழித்தால் ஓர் அலகுக்கு ஆறேழு பீரியட் கிடைக்கும். ஆறு பீரியடில் அணுக்கரு இயற்பியலைப் புரியவைப்பதும் ஒரு வேலை, முடிப்பதும் ஒரு வேலை. நாங்கள் செய்தது பெரும்பாலும் இரண்டாவது.

டிசம்பர் வந்ததும் ஒரு சிறு கையேடு கைமாறத் தொடங்கும். மெல்லக் கற்போருக்கான குறைந்தபட்சப் பாடப்பொருள் என்று அதற்குப் பெயர். எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண்ணில் 20, செய்முறை 25இல் 15 எடுத்தால் தேர்ச்சி. அந்த இருபதைத் தேற்ற எந்தப் படத்தை வரையவேண்டும், எந்த ஒரு மதிப்பெண் வினாக்களை மனப்பாடம் செய்யவேண்டும் என்பது அதில் இருக்கும். அதைத் தயாரித்த ஆசிரியர்களை நான் குறை சொல்லமாட்டேன், நானும் தயாரித்திருக்கிறேன். ஆனால் நடப்பது என்ன என்று பாருங்கள். ஒரு பிள்ளை பத்து ஆண்டு படித்த அறிவியலில் எது மிஞ்சவேண்டும் என்ற முடிவை எடுப்பது அந்த எட்டுப் பக்கக் கையேடு. எதை எடுத்தால் சுலபமாக மதிப்பெண் வரும் என்பது மட்டுமே அதன் அளவுகோல். கலைத்திட்டக் குழு தேர்ந்தெடுக்காமல் விட்டதை வேறு யாரோ, வேறு காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

2018இல் புதிய பாடநூல்கள் வரத் தொடங்கின, பத்தாம் வகுப்புக்கு 2019இல் வந்தது. மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியானது. அடுத்த நூல் திருத்தம் எப்போது வந்தாலும் அந்த மேசையில் இருப்பவர்கள் முன்னால் இதே கேள்வி வரும். பாடப்பொருளைத் தேர்ந்தெடுக்க உலகில் இதுவரை கையாண்ட வழிகள் சில உண்டு. அவற்றைப் பத்தாம் வகுப்பு அறிவியலோடு வைத்துப் பார்க்கிறேன்.

முதல் வழி, அந்தத் துறையின் கட்டமைப்பைப் பின்பற்றுவது. இயற்பியல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறதோ, பாடமும் அப்படியே இருக்கட்டும் என்பது. 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும் அமெரிக்காவில் பள்ளி அறிவியல் பற்றிப் பெரும் பதற்றம் கிளம்பியது. 1959இல் உட்ஸ் ஹோல் என்ற ஊரில் விஞ்ஞானிகளும் உளவியலாளர்களும் கூடிப் பேசினார்கள். அந்தக் கூட்டத்தின் சாரத்தை உளவியலாளர் ஜெரோம் புரூனர் அடுத்த ஆண்டு நூலாக எழுதினார். தகவல்களைக் குவிக்காதே, ஒரு துறையைத் தாங்கி நிற்கும் அடிப்படைக் கருத்துகளைக் கொடு. அதே கருத்தை வகுப்புக்கு வகுப்பு திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் இன்னும் ஆழமாகக் கொடு என்பது அவர் சொன்னதன் மையம். சுருள் வடிவக் கலைத்திட்டம் என்று இன்று ஆசிரியர் பயிற்சியில் படிப்பது இதைத்தான்.

இதன் பலம் பெரியது. தனிம வரிசை அட்டவணையைக் கற்ற பிள்ளைக்குச் சோடியமும் பொட்டாசியமும் ஏன் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன என்று தனித்தனியாகச் சொல்லவேண்டியதில்லை. ஒரு கருத்து நூறு தகவலைச் சுமக்கும். நேரம் குறைவாக இருக்கும் பள்ளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் நம் நூல்களில் இந்த வழி இன்னொரு உருவில் வந்து சேர்ந்திருக்கிறது. கட்டமைப்பு என்பது பட்டியலாகிவிட்டது. அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெரும் விலங்குத் தொகுதிக்கும் ஒரு மாதிரி உயிரியை எடுத்து அதன் உறுப்புகளை முழுதாகப் படிப்பது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி பரப்பிய கற்பித்தல் முறை. கல்லூரி விலங்கியலில் மண்புழு, கரப்பான், தவளை, முயல் என்று வருவது அந்த மரபில்தான். ஹக்ஸ்லியின் மாணவர்கள் உயிரியை வெட்டிப் பார்த்தார்கள். நம் பிள்ளைகள் அட்டையின் படத்தை மட்டும் பார்க்கிறார்கள். உடலில் 33 கண்டங்கள், மூன்று தாடைகள், முன்னும் பின்னும் ஒட்டுறிஞ்சி, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹிருடின். இதில் ஹிருடின் மட்டும் உண்மையிலேயே சுவையான விஷயம். மற்றதெல்லாம் பத்தாம் வகுப்பில் ஏன் இருக்கிறது என்று கேட்டால், விலங்கியலில் இருக்கிறது, அதனால் இங்கும் இருக்கிறது என்பதைத் தவிர எனக்குப் பதில் தெரியவில்லை.

புதிய நூல் வந்த முதல் ஆண்டில் என்னிடம் படித்த ஒரு பெண்ணைச் சமீபத்தில் ரேஷன் கடை வரிசையில் பார்த்தேன். தையல் வேலைக்குப் போகிறாள், ஆறு மாதக் கர்ப்பம். "சார், அட்டைக்கு 33 கண்டம், இன்னும் ஞாபகம் இருக்கு சார்" என்று சிரித்தாள். கையில் மருத்துவமனைச் சீட்டு இருந்தது. ஹீமோகுளோபின் ஏழு என்று எழுதியிருந்தார்கள். "ஏழுன்னா கம்மியா சார்?" என்று கேட்டாள். ரத்த ஓட்ட அலகை அவளுக்கு நடத்தியவன் நான். இதயத்தின் படத்தை அவள் அழகாக வரைவாள்.

அந்தக் கேள்வி இரண்டாவது வழிக்குக் கொண்டுபோகிறது. வாழ்க்கைக்கு எது தேவையோ அதைப் பாடமாக வைப்பது. 1859இல் ஆங்கிலச் சிந்தனையாளர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் எந்த அறிவுக்கு மதிப்பு அதிகம் என்று கேட்டு ஒரு வரிசையே போட்டார். உயிரைக் காத்துக்கொள்ள உதவுவது முதலில், பிழைப்புக்கு உதவுவது அடுத்து, பிள்ளை வளர்ப்பு மூன்றாவது, குடிமைக் கடமை நான்காவது, ஓய்வு நேரத்துக்கான கலை இலக்கியம் கடைசி. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி வேறு பாதையில் இதே இடத்துக்கு வந்தது. ஒரு கைத்தொழிலை மையமாக வைத்துக் கணக்கையும் அறிவியலையும் அதன் வழியாகக் கற்பிப்பது.

இந்த அளவுகோலால் பார்த்தால் பத்தாம் வகுப்பில் என்னென்ன வரவேண்டும் என்று யோசித்தால் பட்டியல் தானாக வரும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை, அதாவது ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவு. பள்ளியில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருகிறோம். குமட்டுகிறது என்று பாதிப்பேர் சன்னலுக்கு வெளியே எறிவதைப் பார்த்திருக்கிறேன். வெறும் வயிற்றில் போட்டால் அதிகம் குமட்டும், மாத்திரையோடு டீ குடித்தால் இரும்பு உடலில் சரியாகச் சேராது, நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் நன்றாகச் சேரும். இது ஒரு பீரியட் பாடம். பாம்புக்கடியும் அப்படித்தான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்பு கடித்து இறந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து ஒரே எதிர்நஞ்சு அரசு மருத்துவமனையில் கிடைக்கிறது. கட்டுவிரியன் இரவில் தரையில் தூங்குபவரைக் கடிக்கும், வலி அதிகம் தெரியாது, விடிவதற்குள் கண்ணிமை தொங்கத் தொடங்கும். இறுக்கிக் கட்டாதே, கீறாதே, வாயால் உறிஞ்சாதே, அசையாமல் கொண்டுபோ. இதைத் தெரிந்துகொண்ட ஒரு பிள்ளை ஒரு தெருவையே காப்பாற்றும். நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவவேண்டும் என்பதும் இந்த வகைதான்.

இவ்வளவு சொன்னபின் இந்த வழியையே தேர்ந்துவிடலாம் என்று தோன்றும். எனக்கும் ரத்தத்தில் சூடு இருந்த வயதில் அப்படித்தான் தோன்றியது. தடுத்தது நம் வரலாறுதான். 1953இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்கட்டும் என்றது. வாழ்க்கைக்கான கல்வி என்பதுதான் அதற்கும் சொன்ன நியாயம். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டி மக்கள் எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி விலகினார், காமராஜர் ஆட்சிக்கு வந்து திட்டத்தைக் கைவிட்டார். வாழ்க்கைக்குத் தேவையானதைக் கற்பிப்போம் என்று யாராவது சொன்னால் யாருடைய வாழ்க்கைக்கு, எந்த வாழ்க்கைக்கு என்று தமிழ்நாட்டில் திருப்பிக் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். செருப்புத் தைப்பவர் பிள்ளைக்கு இன்று தெரிந்திருக்கும் வாழ்க்கையை வைத்துப் பாடத்தை அளந்தால் அவனை அங்கேயே நிறுத்திவிடுவோம். தனிம வரிசை அட்டவணை அவன் வாழ்க்கையில் எங்கே பயன்படும் என்ற கேள்வி கேட்பவரின் பிள்ளை எப்போதும் வேறு பள்ளியில் அதைப் படித்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு குறையும் உண்டு. பயன் என்று தொடங்கும் பாடம் சீக்கிரமே குறிப்புகளின் தொகுப்பாகிவிடும். கீரை சாப்பிடு, கையைக் கழுவு, மரம் நடு. ஏன் என்ற பகுதி காணாமல் போய்விடும். ஹீமோகுளோபின் என்றால் என்ன, அதில் இரும்பின் வேலை என்ன என்று தெரியாமல் கீரை சாப்பிடு என்று மட்டும் கேட்ட பெண்ணுக்குச் சீட்டில் இருக்கும் ஏழு புரியாது.

மூன்றாவது வழி மேலே இருக்கும் தேர்வைப் பார்த்துக் கீழே பாடம் வைப்பது. 2017இல் தமிழ்நாட்டில் நீட் கட்டாயமானதிலிருந்து இந்தக் குரல் ஓங்கியிருக்கிறது. நம் பிள்ளைகள் பின்தங்கக்கூடாது, ஆகவே மேல்வகுப்பில் வருவதையெல்லாம் பத்திலேயே தொட்டுவிடு என்பது. பெற்றோரின் அச்சம் உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் எண்களைப் பாருங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேர் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் நீட் எழுதுவோர் ஒன்றரை லட்சத்தைச் சுற்றித்தான், அதிலும் பலர் மறுபடி எழுதுபவர்கள். ஒன்பது பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வழிவிட மற்ற ஏழு பேரின் நேரத்தை எடுக்கிறோம். அந்த ஒருவருக்கும் பத்தாம் வகுப்பின் அவசரத் தொடுதலால் பெரிய பயன் இல்லை, பிளஸ் ஒன்னில் முதலிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

அதோடு, தேர்வு நம் கையில் இல்லை. என்சிஇஆர்டி பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் திடநிலை, புறப்பரப்பு வேதியியல் பாடங்களை நீக்கியது. 2023 நவம்பரில் நீட் பாடத்திட்டமும் அதற்கேற்பச் சுருங்கியது. நம் பன்னிரண்டாம் வகுப்பு நூலில் அவை தனித்தனி அலகுகள். இந்த வழியைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

நான்காவது வழியைப் பற்றி நிறையப் பேர் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராம மையம் என்ற இரண்டு அமைப்புகள் அரசோடு சேர்ந்து அதை நடத்தின. டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகளும் வந்து உதவினார்கள். 1978இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் பரவியது. 1982இல் உருவான ஏகலைவ்யா அமைப்பு பிறகு அதை எடுத்துக்கொண்டது.

அங்கே பாடப்பொருளைத் தேர்ந்த அளவுகோல் எளிமையானது. கிராமப் பள்ளியில் நான்கு நான்கு பிள்ளைகளாக உட்கார்ந்து, மலிவான கருவிகளை வைத்து, தாங்களே செய்து பார்த்துக் கண்டுபிடிக்க முடிவது எதுவோ அதுவே பாடம். நூல் என்பது விடை சொல்லும் நூலாக இல்லை. செய், பார், எழுது, ஒப்பிடு என்று கேட்டுக்கொண்டே போகும் பயிற்சி நூல். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு வரும் சந்தேகங்களைக் கடிதமாக எழுத, பதில் எழுதுவதற்கென்று சவாலிராம் என்ற ஒரு கற்பனை மனிதரை உருவாக்கியிருந்தார்கள். எனக்கு இந்தத் திட்டத்தில் மிகப் பிடித்தது அந்தக் கடிதங்கள்தான். போர்ஷனில் இல்லாத கேள்வியைக் கேட்க ஒரு முகவரி இருந்தது.

இதற்கு அவர்கள் கொடுத்த விலை பாடங்களின் எண்ணிக்கை. செய்து பார்ப்பதற்கு நேரம் பிடிக்கும், ஆகவே தலைப்புகள் குறையவேண்டும். கண்ணுக்கும் கைக்கும் அகப்படாத பொருள்கள் இந்த வழியில் தானாகவே பின்னுக்குப் போய்விடும். அணுவையும் பரிணாமத்தையும் வகுப்பறை மேசையில் கண்டுபிடிக்க முடியாது. ஆசிரியர்களுக்குத் தொடர் பயிற்சி, மாதக் கூட்டம், கருவிப்பெட்டி நிரப்பும் ஏற்பாடு என்று பின்னால் பெரிய உழைப்பும் வேண்டும். முப்பது ஆண்டு ஓடியபின் 2002இல் மாநில அரசு அதை நிறுத்தியது. பாடப்பொருள் எவ்வளவு நன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தாலும் அதைத் தாங்கும் ஏற்பாடு அரசின் முடிவில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அங்கே பார்க்கிறோம். நடுநிலை வகுப்புகளுக்கு, அதாவது ஆறு முதல் எட்டு வரை, இன்னமும் இதுதான் சிறந்த வழி என்பது என் எண்ணம். பத்தாம் வகுப்புக்கு இது மட்டும் போதாது.

வைப்பதைப் பேசிவிட்டோம். எடுப்பதற்கு அளவுகோல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அண்மை உதாரணம் 2023. கொரோனாவுக்குப் பின் சுமையைக் குறைக்கிறோம் என்று என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியலில் தனிம வரிசைப் பாடத்தை எடுத்தது. மரபும் பரிணாமமும் என்ற பாடம் மரபு என்று மட்டும் ஆனது. ஆற்றல் மூலங்கள் போனது. 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் பரிணாமத்தைத் திரும்பச் சேர்க்கும்படி திறந்த கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். மேல்வகுப்பில் இவை இருக்கின்றனவே என்பது தரப்பட்ட விளக்கம். தனிம வரிசை பதினொன்றில், பரிணாமம் பன்னிரண்டில். உண்மைதான், இருக்கின்றன. ஆனால் பதினொன்றில் வேதியியலும் பன்னிரண்டில் உயிரியலும் எடுப்பவருக்கு மட்டும். வணிகவியல் போகிறவர், ஐ.டி.ஐ. போகிறவர், படிப்பை நிறுத்துகிறவர் யாரும் தங்கள் வாழ்நாளில் மனிதன் எப்படி வந்தான் என்று ஒரு வகுப்பறையில் கேட்கவே போவதில்லை.

சுமை என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். 1993இல், பள்ளிச் சுமையை ஆராய மத்திய அரசு அமைத்த யஷ்பால் குழு தந்த அறிக்கை பள்ளிப் பையின் எடையைவிடப் புரியாமையின் சுமைதான் பிள்ளைகளை அதிகம் வதைக்கிறது என்றது. அந்தப் பார்வையில் தனிம வரிசையை எடுத்தால் சுமை குறையாது, கூடும். அட்டவணை இல்லாமல் அமிலம், காரம், உலோகம் எல்லாம் தனித்தனி மனப்பாடமாகிவிடும். வீட்டுச் சாவிக்கொத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் பாரம் குறைந்தது என்பது போல.

சரி, என் முடிவு என்ன?

இந்த நான்கு வழிகளையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்துகொள்ளலாம் என்று எல்லாக் குழுக்களும் சொல்லும். 23 அலகு வந்ததே அப்படித்தான், ஒவ்வொருவர் கேட்டதிலும் கொஞ்சம் சேர்ந்து. நேரம் மோதும்போது எது தோற்கவேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். நான் சொல்வது இது: பத்தாம் வகுப்பு வரையுள்ள அறிவியலை, அந்தப் பாடத்தை இனி ஒருபோதும் படிக்கப்போகாத பிள்ளையை மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்கவேண்டும். மேலே படிக்கப் போகிறவருக்கு இன்னும் ஏழெட்டு ஆண்டு இருக்கிறது, விட்டதைப் பிடித்துக்கொள்வார். மற்றவர்களுக்கு இதுதான் கடைசிப் பேருந்து.

இந்தப் பிள்ளையை முன்னால் நிறுத்தினால் சில முடிவுகள் எதிர்பார்க்காத பக்கம் விழுகின்றன. பயன்பாட்டை வைத்தால் பரிணாமம் முதலில் போகும். இந்தப் பிள்ளையை வைத்தால் அது முதலில் உள்ளே வரும், ஏனென்றால் இங்கே கிடைக்காவிட்டால் அவளுக்கு வேறெங்கும் கிடைக்காது. பிறப்பால் உயர்வு தாழ்வு பேசும் ஊரில் எல்லா மனிதரும் ஒரே கிளையிலிருந்து வந்தவர் என்று தெரிவது சும்மா இல்லை. தனிம வரிசை இருக்கும், அது மற்றதை எல்லாம் திறக்கிறது. ரத்த ஓட்டம் இருக்கும், ஆனால் இதயத்தின் படத்தில் தொடங்காமல் ஒரு ஹீமோகுளோபின் சீட்டில் தொடங்கும். மின்சார அலகில் மின்தடைகளைத் தொடராகவும் பக்கமாகவும் இணைத்துக் கணக்குப் போடுவது பாதியாகக் குறைந்து, 230 வோல்ட் வீட்டு இணைப்பும் நில இணைப்பும் ஃபியூஸும் அந்த இடத்தைப் பிடிக்கும். அட்டையின் உள்ளுறுப்புகள் போகும். முயலும் போகும். ஹிருடினை ரத்தம் உறைதல் சொல்லும்போது இரண்டு வரியில் சேர்த்துவிடலாம்.

மோல் கணக்குகளில் எனக்கும் நண்பர்களுக்கும் சண்டையே நடந்திருக்கிறது. மோல் என்ற கருத்து வேண்டும், கண்ணுக்குத் தெரியாத துகளை எடைபோட்டு எண்ணமுடியும் என்பது அழகான விஷயம். ஆனால் அதில் பத்து வகைக் கணக்கு பிளஸ் ஒன்னில் வேதியியல் எடுப்பவருக்கானது, அவரே அங்கே போட்டுக்கொள்ளட்டும். பிளஸ் ஒன் ஆசிரியர்கள் இதை ஏற்கமாட்டார்கள். அடித்தளம் போடாமல் அனுப்புகிறீர்கள் என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அவர்களுக்குக் கூடுதலாக இரண்டு வாரம் வேலை வரும். அந்த இரண்டு வாரத்தை வேதியியல் எடுக்காத லட்சக்கணக்கான பிள்ளைகளுக்காக அவர்களிடம் கேட்டு வாங்கவேண்டியதுதான்.

அணுக்கரு இயற்பியலில்தான் நான் நெடுநாள் தடுமாறினேன். பத்தாம் வகுப்புக்கு அது கனமான அலகு. கதிர்வீச்சின் வகைகள், பிளவு, இணைவு, சமன்பாடுகள் என்று போகும். தூக்கிவிடலாம் என்றே பலமுறை நினைத்தேன். ஆனால் நம் கடற்கரையில் கல்பாக்கம் இருக்கிறது, கூடங்குளம் இருக்கிறது. கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் உலையின் முதல் மின்சாரம் 2013இல் வந்தபோது அதைச் சுற்றிய ஊர்கள் போராட்டத்தில் இருந்தன. அந்த ஊர்ப் பிள்ளைகள் பலர் பத்தோடு கடலுக்கோ வேலைக்கோ போகிறவர்கள். அரைவாழ்வுக் காலம் என்றால் என்ன, கழிவு ஏன் நெடுங்காலம் கழிவாகவே இருக்கிறது, எக்ஸ்ரேயும் உலையும் எந்த வகையில் ஒன்று, எந்த வகையில் வேறு என்று தெரிந்தால் அரசு சொல்வதையும் எதிர்ப்பவர் சொல்வதையும் அவர்களால் எடைபோடமுடியும். ஆகவே அலகு இருக்கட்டும், சமன்பாடுகள் போகட்டும் என்று முடிவுக்கு வந்தேன்.

இந்தக் கணக்கில் 23 அலகு எனக்கு 14 ஆக வருகிறது. கணினி அலகைக் கணினி இருக்கும் நேரத்துக்கு நகர்த்துகிறேன், அறிவியல் நூலில் அதற்கு வேலை இல்லை. ஒளியியல், வெப்பம், ஒலி மூன்றும் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் செய்து பார்க்கும் பாடங்களாக ஹோஷங்காபாத் முறையில் இறங்குகின்றன. இறங்கும்போது சூத்திரங்களைப் பாதி மேலேயே விட்டுவிட்டு வரவேண்டும், இல்லாவிட்டால் ஒன்பதாம் வகுப்புக்காரர் தலையில் பாரம் மாறும், அவ்வளவுதான். தாவர உள்ளமைப்பில் குறுக்குவெட்டுப் படங்கள் போய், இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்பது மட்டும் நிற்கும். மற்றவை ஒன்றோடொன்று சேரும்.

நூல் மாறும்வரை என்ன செய்வது என்று கேட்கும் ஆசிரியருக்கு: பொதுத்தேர்வு இருக்கும்வரை எந்த அலகையும் விடமுடியாது, விடச் சொல்லவும் மாட்டேன். ஆனால் பீரியடுகளைப் பங்கிடுவது நம் கையில் இருக்கிறது. அட்டையும் முயலும் வரும் 13ஆம் அலகுக்கு இரண்டு பீரியட் போதும், படத்தையும் ஒரு மதிப்பெண் வினாக்களையும் அதில் முடித்துவிடலாம். மிச்சமாகும் நாலு பீரியடை ரத்த ஓட்டம் வரும் 14ஆம் அலகில் போடுங்கள். முதல் பீரியடுக்குப் பக்கத்து ஆரம்பச் சுகாதார நிலையத்திலிருந்து பெயர் இல்லாத ஐந்து ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளின் நகல் கிடைக்குமா என்று கேட்டுப்பாருங்கள். கிடைக்காவிட்டால் நீங்களே எண்களை எழுதி ஐந்து சீட்டு தயாரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஏழு என்று இருக்கட்டும்.